லாஞ்சரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் விமானப்படையில் இருபது வருஷம் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். சார்ஜென்ட் என்றே வைத்துக்கொள்வோம். நடை முடிந்ததும் காந்தி சிலைக்குப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து அன்றைய பத்திரிகையை அலசுவோம். அதில் ராணுவச் செய்தி வந்தால் அன்றைக்கு அவர் ராஜ்யம்தான்.

ஒரு நாள் அமெரிக்காவிடமிருந்து நாம் வாங்கும் எம்க்யூ-9பி ட்ரோன்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 2024 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்களே, அதுதான். மொத்தம் 31. கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8. "கூடவே 170 ஹெல்ஃபயர் ஏவுகணை, 310 குண்டு" என்று சார்ஜென்ட் விரல் விட்டு எண்ணினார். ஒப்பந்தத்துக்கு எட்டு மாதம் முன்பு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிவிப்பில் இருந்த எண்கள் அவை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "லாஞ்சர் எத்தனை சார்?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "சோடா வாங்கப் போனால் காலி பாட்டில் எத்தனை என்று கேட்பீர் போலிருக்கிறது" என்றார் சார்ஜென்ட். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. ஏனென்றால் கோலி சோடாக் காலத்தில் கடைக்காரர் முதலில் கேட்டது அதைத்தானே? "காலி கொண்டாந்தியா தம்பி?" காலி பாட்டில் இல்லாவிட்டால் முன்பணம் வை. சோடா ஒரு மடக்கில் போய்விடும். பாட்டில்தான் கடைக்காரரின் சொத்து.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த முன்பணத்துக்கு அங்கே 'கோன்சிஞ்' என்று பெயர். அதே சொல்லுக்குக் காவல் நிற்கும் சிப்பாய்க்குக் கொடுக்கும் உத்தரவு என்றும் அர்த்தம் உண்டு. பாட்டில் காசுக்கும் படை உத்தரவுக்கும் ஒரே சொல்லா என்று எங்கள் வாத்தியாரைக் கேட்டதற்கு, "இரண்டும் திருப்பி ஒப்படைக்க வேண்டியவை" என்றார். அந்த விளக்கம் எந்த அகராதியிலாவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. ஆனால் இன்றுவரை மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அரசு அலுவலகத்தில் ஸ்டோர் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாமான் வாங்கினால் எழுத இரண்டு பதிவேடுகள் உண்டு. தாள், மை, குண்டூசி, கார்பன் பேப்பர் எல்லாம் செலவாகிற சாமான்கள். கொடுத்தவுடன் கையெழுத்து வாங்கிக் கழித்துவிடலாம். மேஜை, நாற்காலி, தட்டச்சு இயந்திரம், சுவர்க் கடிகாரம் எல்லாம் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர். அதில் ஒரு தடவை ஏறிவிட்டால் அது சாகும் வரை உங்களை விடாது. வருஷா வருஷம் எண்ணிப் பார்க்க வேண்டும், ஆடிட்டுக்குக் காட்ட வேண்டும், உடைந்தால் கண்டெம்னேஷன் குறிப்பு எழுத வேண்டும், ஏலம் விட வேண்டும். சார்ஜ் ஒப்படைக்கும்போது ஒரு நாற்காலி குறைந்தாலும் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பதிவேடுகளோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

ஏவுகணை முதல் பதிவேடு. சுட்டால் போச்சு. லாஞ்சர் இரண்டாவது பதிவேடு. அது ஹெலிகாப்டரோடு போய் ஹெலிகாப்டரோடு திரும்பி வரும். அடுத்த நாள் மறுபடி போகும். நாம் எல்லோரும் முதல் பதிவேட்டைப் பார்த்துக் கைதட்டுகிறோம், இரண்டாவதைத் திறப்பதே இல்லை. என் குறை அதுதான்.

தமிழ்ப் பத்திரிகைகளில் லாஞ்சரை ஏவுதளம் என்று எழுதுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அது சரி. ஹெலிகாப்டரின் குட்டை இறக்கைக்கு அடியில் தொங்கும் ஒரு சட்டத்துக்குத் 'தளம்' எப்படிப் பொருந்தும்? அதனால் லாஞ்சர் என்றே எழுதுகிறேன்.

ஹெல்ஃபயருக்கான லாஞ்சரின் பெயர் எம்299. நான்கு தண்டவாளங்கள் கொண்ட அலுமினியச் சட்டம், எடை சுமார் 65 கிலோ. ஒவ்வொரு தண்டவாளத்திலும் ஒரு ஏவுகணை தொங்கும். ஏவுகணை ஒன்று 50 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நீளம் ஐந்தேகால் அடிக்குச் சற்று மேல். அப்பாச்சி ஹெலிகாப்டரில் இப்படி நான்கு லாஞ்சர் மாட்டினால் 16 ஏவுகணை. ட்ரோன்களுக்கு இரண்டு தண்டவாளம் கொண்ட எம்310 என்ற தம்பியும் உண்டு.

வெறும் கொக்கி என்று நினைத்துவிடாதீர்கள். பறக்கும்போது குலுங்கி விழாமல் ஏவுகணையைப் பிடித்துக்கொள்ள ஒரு தாழ் இருக்கிறது. ஏவுகணையின் மோட்டார் பற்றிக்கொண்டு, உந்துவிசை போதிய அளவு ஏறிய பிறகுதான் அந்தத் தாழ் விடும். தரையில் ஆட்கள் வேலை பார்க்கும்போது தவறிச் சுட்டுவிடாமல் இருக்க லாஞ்சரிலேயே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே ஒரு மின்னணுப் பெட்டி. விமானியின் அறையிலிருந்து வரும் செய்தியை ஏவுகணைக்குச் சொல்வதும், "நான் தயார்" என்று ஏவுகணை சொல்வதைத் திருப்பிச் சொல்வதும் அதன் வேலை. எந்த லேசர் புள்ளியைப் பார்த்துப் போக வேண்டும் என்ற குறியெண்கூட இந்த வழியாகத்தான் போகிறது. நம் ஆபீசில் அதிகாரிக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பி.ஏ.வை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி மாறுவார், மனுக்கொடுக்க வருபவர் மாறுவார், பி.ஏ. மாற மாட்டார். யாரை உள்ளே விடுவது என்பது அவர் கையில்.

எல்லா லாஞ்சரும் இப்படித் திரும்பி வந்ததில்லை. திருப்பிக் கொண்டுவருவதா வேண்டாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய விவாதம். ராக்கெட் எல்லாம் சுட்ட பிறகு காலிக் கூட்டை ஏன் சுமந்துகொண்டு வர வேண்டும்? எடை, காற்றின் இழுப்பு, எரிபொருள் வீண். அதனால் அமெரிக்காவில் பதப்படுத்திய காகிதத்தாலும் மெல்லிய அலுமினியத் தகட்டாலும் ராக்கெட் கூடுகள் செய்தார்கள். இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும் என்ற ஜாதி. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் செய்து வைத்தார்கள். 68 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கு மாத்ரா நிறுவனம் செய்த 116எம் கூட்டில் 19 ராக்கெட் பிடிக்கும், முன்மூக்கு சுடும்போதே நொறுங்கிவிடும், ஒரே தடவைதான், சுட்டபின் கழற்றி எறியலாம். மாத்ரா 155 முழுக்க உலோகம். 18 ராக்கெட்தான், ஒன்று குறைவு. ஆனால் திரும்பி வரும், திரும்பப் போகும். பிரெஞ்சில் இவற்றைப் 'பானியே' என்பார்கள். கூடை என்று அர்த்தம். சந்தைக்கு எடுத்துப் போகும் அதே கூடைதான். ஒரு ராக்கெட்டை விட்டுக்கொடுத்து ஒரு கூடையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று நான் படித்தபோது, அதைத் தீர்மானித்தவர் நிச்சயம் ஒரு ஸ்டோர் ஆசாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சமாசாரங்களில் எனக்கு எப்படி அக்கறை வந்தது என்று கேட்பீர்கள். என் தாய்மாமா ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களை இங்கே சொல்தா என்போம். தெருவுக்கு ஒரு சொல்தா பென்ஷன் வீடாவது இருந்த ஊர் இது. மாமா அல்ஜீரியாவில் இருந்தார். ஹெலிகாப்டர் நிற்கும் மைதானத்தில் எடுபிடி வேலை. எண்ணெய் ஊற்றுவது, சாமான் தூக்குவது, துடைப்பது.

ஹெலிகாப்டரில் ஏவுகணை மாட்டிப் போருக்கு அனுப்பியதில் பிரெஞ்சுக்காரர்கள் எல்லோருக்கும் முன்னோடி. 1950களின் கடைசியில் அலுயெத் ஹெலிகாப்டரில் எஸ்.எஸ்.11 என்ற ஏவுகணையைப் பொருத்தினார்கள். டாங்கியை அடிக்கச் செய்த சாமான் அது. அல்ஜீரிய விடுதலைப் படையிடம் டாங்கி ஏது? மலைக் குகைகளைப் பார்த்துச் சுட்டார்கள். எடை சுமார் 30 கிலோ. பின்னால் மெல்லிய கம்பி பிரிந்துகொண்டே போகும், ஒரு ஆள் சிறு கைப்பிடியை அசைத்து அசைத்து அதைக் குறிக்குக் கொண்டுபோவான். இதையே பின்னால் அமெரிக்காவும் வாங்கித் தன் ஹெலிகாப்டரில் மாட்டிக்கொண்டது.

மாமா சொன்னது இது: ஹெலிகாப்டர் இறங்கியதும் அவர் வேலை ராம்ப்பைத் துடைப்பது. ராம்ப் என்றால் ஏவுகணை தொங்கும் தண்டவாளம். புகைக் கரி அப்பியிருக்கும், தொட்டால் சுடும். துணியால் துடைத்து, வளைந்திருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு மேலாளர் நோட்டை நீட்டுவார். "மிசிலுக்கு ஒரு தடவ கையெழுத்துடா. ராம்ப்புக்குப் போம்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு, தெனம்." நான் ஸ்டோர் கிளார்க் ஆன பிறகு இதைக் கேட்டு ரொம்பச் சிரித்தேன். அங்கேயும் டெட் ஸ்டாக்!

ஒரு தீபாவளிக்கு, கொஞ்சம் தைரியம் வந்து, "அந்தக் குகைக்குள்ள யாரு மாமா இருந்தாங்க?" என்று கேட்டேன். மாமா தட்டிலிருந்த முறுக்கை உடைத்தார். "ராம்ப் திரும்பி வந்துச்சுடா" என்றார். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தை காபி கொண்டுவந்தார்.

இதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திரும்பத் திரும்பப் பயன்படும் சாமான் என்று கேட்டால் சிக்கனமாகத் தோன்றுகிறது, பெருமையாகவும் இருக்கிறது. திரும்பப் போகிறது என்றால் திரும்பச் சுடுகிறது என்பதும் அதற்குள் இருக்கிறது. ட்ரோன் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. 2001 பிப்ரவரியில் அமெரிக்கா பிரிடேட்டர் ட்ரோனிலிருந்து முதல் தடவையாக ஹெல்ஃபயரைச் சுட்டுச் சோதித்தது. அக்டோபரில் ஆப்கானிஸ்தான் மேலே ஆயுதத்தோடு பறக்கவிட்டது. அன்றிலிருந்து விமானி தரையில் நாற்காலியில் இருக்கிறார். போய்ச் சுட்டு வருவது தண்டவாளம் மட்டும்தான்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. என் கட்சி இதிலிருந்துதான் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு ஸ்டென்சில் வைத்துப் படி எடுக்கும் இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த மை வாசனை இப்போதும் மூக்கில் இருக்கும். கொட்டேஷன் வந்தது. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தவன் நான். ஒரு கம்பெனியின் இயந்திரம் 400 ரூபாய் குறைவு. குறைந்த விலையைப் பரிந்துரைத்துக் குறிப்பு எழுதினேன், அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பாராட்டு வேறு.

வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டென்சில் தாளின் தலைப்பில் துளைகள் இருக்குமே, உருளையின் கொக்கியில் மாட்டுவதற்கு? ஒவ்வொரு கம்பெனிக்கும் துளை வேறு வேறு இடத்தில். இந்த இயந்திரத்துக்கு அந்தக் கம்பெனி ஸ்டென்சில்தான் மாட்டும். அது மற்றதைவிட ஏறக்குறைய இரட்டை விலை. 400 ரூபாய் லாபம் முதல் வருஷமே கரைந்தது. ஆறாவது வருஷம் அவர்களுடைய மெட்ராஸ் ஏஜென்ட் கடையை மூடிவிட்டார். கையில் மிச்சம் பதினொரு பெட்டி. அதைச் சிக்கனமாக ஓட்டினோம். பிறகு வேறு ஸ்டென்சிலை வாங்கி, குண்டூசியாலும் பிளேடாலும் நானே துளை போட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கு மேல் தாங்காமல் கிழிந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். சட்டையெல்லாம் மை. கடைசியில் நல்ல நிலையில் உள்ள ஒரு இயந்திரம் வராண்டாவில் உட்கார்ந்தது. ஆடிட் வந்தது. 'பழுதில்லாத இயந்திரம் ஏன் பயன்பாட்டில் இல்லை?' எனக்கு மெமோ. நான் எழுதின குறிப்பையே எனக்குக் காட்டினார்கள். அந்த மெமோ என் பெர்சனல் ஃபைலில் ஓய்வு பெறும் நாள் வரை இருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். செலவாகிற சாமானை யாரிடம் வாங்க வேண்டும் என்பதைச் செலவாகாத சாமான் தீர்மானிக்கிறது. இயந்திரத்தை நாம் வாங்கிவிட்டோம் என்று நினைத்திருந்தோம். துளை எங்கே இருக்க வேண்டும் என்பதை அவன் விற்கவே இல்லை.

ஹெல்ஃபயர் லாஞ்சரின் துளை எங்கே இருக்கிறது? வெளியில் தெரியும் சொருகிகளுக்கு ஒரு பொதுத் தரம் உண்டு. 1760 என்ற எண் கொண்ட அமெரிக்க ராணுவத் தரநிலை. ஆனால் பிளக் பொருந்துவதால் மட்டும் ஏவுகணை வேலை செய்துவிடாது. விமானத்தின் கணினி அந்த ஏவுகணையை அடையாளம் கண்டு, 'இவர் நம்மவர்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மென்பொருள் விமானத்தைச் செய்தவரிடம். சொந்தக்காரருக்கு இதில் எவ்வளவு சௌகரியம் என்று பாருங்கள். ஹெல்ஃபயருக்கு அடுத்ததாக ஜேஏஜிஎம் என்று ஒரு புது ஏவுகணை கொண்டுவந்தார்கள். பழைய லாஞ்சரிலேயே மாட்டும்படி செய்துகொண்டார்கள். பழைய பாட்டில், புதுச் சோடா.

நம் டி.ஆர்.டி.ஓ. ஹெலினா என்று ஹெலிகாப்டர் ஏவுகணை செய்திருக்கிறது. நாக் ஏவுகணையின் தங்கை. 2022 ஏப்ரலில் பொக்ரானிலும் பிறகு லடாக்கின் உயரத்திலும் துருவ் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுப் பார்த்து, குறியில் அடித்தது. 7 கிலோமீட்டர் போகும். நம் விமானப்படையிடம் 22 அப்பாச்சி, தரைப்படை வாங்கியவை 6. நம் ஏவுகணையை நம் அப்பாச்சியில் மாட்ட வேண்டும் என்று நாளை நமக்குத் தோன்றினால், நாம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். குண்டூசியால் துளை போட முடியாது.

கேட்டால் கொடுப்பார்கள், இப்போது நட்பு நாடு என்பார்கள். 1998-ஐ மறந்துவிட்டோமா? மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம், அமெரிக்கா தடை போட்டது. நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்களைச் செய்து கொடுத்தது பிரிட்டன். ஆனால் மூல வடிவமைப்பும் பல பாகங்களும் அமெரிக்காவுடையவை. அதனால் உதிரிபாகம் வரவில்லை, பல ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றன. வாங்கியது ஒருவரிடம், துளை இன்னொருவரிடம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 70 மில்லிமீட்டர் ராக்கெட். 1940களின் கடைசியில் அமெரிக்கர்கள் வகுத்த அளவு, விமானத்தை விமானத்தால் அடிக்க. அந்தக் குழாய் எப்படியோ உலகத்துக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. ஏழு குழாய்க் கூடு, பன்னிரண்டு குழாய்க் கூடு, பத்தொன்பது குழாய்க் கூடு என்று பல நாடுகள் செய்கின்றன. பெல்ஜியத்தில் ஃபோர்ழ் த ஸேப்ரூக் என்ற பழைய பட்டறை. ஃபோர்ழ் என்றால் கொல்லன் உலை. கனடா தன் ராக்கெட்டைச் செய்தது. துருக்கியின் ரோகெட்சான், லேசரைப் பார்த்துப் போகும் சிரிட் ஏவுகணையை அதே 70 மில்லிமீட்டர் அளவில் செய்தது. அமெரிக்கர்களும் பழைய குருட்டு ராக்கெட்டின் நடுவில் ஒரு கண்ணைப் பொருத்தி அதைக் குறிதவறாத சாமானாக்கிவிட்டார்கள். ஹெல்ஃபயர் ஒன்று சுமார் ஒன்றரை லட்சம் டாலர். இந்தக் கண் வைத்த ராக்கெட் அதில் ஒரு சிறு பங்கு. செங்கடல் பக்கம் ட்ரோன்களை விழுத்த இதைத்தான் விமானங்களில் மாட்டிப் பறந்தார்கள். கூட்டின் வழி திறந்திருந்ததால் எழுபது வருஷம் கழித்தும் புது அம்பு அதற்குள் போகிறது.

நம் பிரசண்ட் ஹெலிகாப்டரில் மாட்டியிருப்பது பெல்ஜியத்தின் அந்த 70 மில்லிமீட்டர் ராக்கெட்டும், பிரான்ஸின் மிஸ்ட்ரால் ஏவுகணையும்தான். வெளிநாட்டுச் சாமான்தான், ஆனால் ஹெலிகாப்டர் ஹெச்.ஏ.எல். செய்தது. எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்ற தீர்மானம் பெங்களூரில் நடக்கிறது. 2025 மார்ச்சில் 156 பிரசண்டுகளுக்குச் சுமார் 62,700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்ட செய்தி வந்த அன்று நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல. அதே வருஷம் ஜூலையில் கர்னூல் பக்கம் ஒரு ட்ரோனிலிருந்து டி.ஆர்.டி.ஓ.வின் சிறு ஏவுகணையைச் சுட்டுப் பார்த்தார்கள். அந்த ட்ரோனும் பெங்களூர் கம்பெனி செய்தது. தூரம் குறைவு, எடை குறைவு, அமெரிக்கச் சாமானுக்கு முன்னால் அது சின்னப் பையன். இருக்கட்டும். துளை நம்முடையது.

ஆகவே என் கட்சி இதுதான். வெளியே வாங்கும்போது எத்தனை ஏவுகணை என்று பேரம் பேசுவதைவிட, இந்த லாஞ்சரில் எங்கள் ஏவுகணையையும் மாட்டுவோம், அதற்கான மென்பொருள் வேலையைச் செய்து தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அதற்கு 400 ரூபாய் அதிகம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அதையும் மறுத்தால், கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் நம் சொந்தச் சட்டத்தில் மாட்டுவது மேல்.

இதையெல்லாம் நான் காந்தி சிலையடியில் அரை மணி நேரம் சொன்னேன். சார்ஜென்ட் பொறுமையாகக் கேட்டார். அவர் பதிலையும் நியாயமாக எழுதிவிடுகிறேன்.

"நீர் ஸ்டென்சில் மிஷினை வைத்துப் போரை நடத்துகிறீர். எல்லையில் சண்டை வந்தால் சுடுகிற பையனுக்கு வேண்டியது நாளைக்குக் கிடைக்கிற நல்ல சாமான், பத்து வருஷம் கழித்துக் கிடைக்கிற சொந்தச் சாமான் இல்லை. ஹெல்ஃபயர் தண்டவாளத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு உயிரை ஒப்படைப்பேன். பல சண்டை பார்த்த சாமான். புதிதாக ஒரு ஏவுகணையைப் பொருத்துவதென்றால் எத்தனை சோதனை தெரியுமா? கழன்று விழுந்தால் என்ன ஆகும், புகை எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும், பக்கத்து ஏவுகணை சூட்டில் வெடிக்குமா. ஒன்றொன்றாகப் பார்க்க வருஷக்கணக்காகும். கடையில் பல்பு மாற்றுகிற மாதிரி இல்லை."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் இருபது வருஷம் கையால் மாட்டியவர், நான் பதிவேட்டில் எழுதியவன். அவசரத்துக்கு வாங்கத்தான் வேண்டும். அவசரத்தில் வாங்கியதைப் பதிவேட்டில் ஏற்றாமலே விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் பயம். பல வருஷம் இருக்கப்போகிற சாமானை ஒரு நாள் அவசரத்துக்கு வாங்குகிறோம்.

"சரி, ஒரே ஒரு கேள்வி" என்றேன். "உங்கள் காலத்தில் மாட்டினீர்களே, அந்தச் சட்டங்களில் எதற்காவது உள் மின்சுற்றுப் படம் உங்கள் கையில் இருந்ததா?"

சார்ஜென்ட் கடலைப் பார்த்தார். "பெட்டிக்கு சீல் வைத்திருக்கும். திறக்கக் கூடாது. பழுதானால் அப்படியே திருப்பி அனுப்புவோம்."

"எவ்வளவு நாளில் வரும்?"

"சில சமயம் வரும்" என்றார்.

அன்றைக்கு அதோடு எழுந்தோம். இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னார். பெங்களூரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் பிரசண்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். ராக்கெட் கூட்டின் வயரிங் விவரம் முழுக்க நம்மிடம் இருக்கிறதா, அல்லது அங்கேயும் சீல் வைத்த பெட்டிதானா என்று, ரகசியம் எதுவும் கேட்காமல், பொதுவாக விசாரிக்கிறேன் என்றிருக்கிறார். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

என் ஸ்டென்சில் இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்க மறந்திருப்பீர்கள். கடைசியில் கண்டெம்ன் செய்து ஏலம் விட்டோம். பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தவனும் நான்தான்.